காப்பித் தோட்டத்துத் தேநீர்

வத்தலக்குண்டுக்குப் போய்வருவது தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு ஏறக்குறைய ஒரு யாத்திரை. 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய பி. ஆர். ராஜமையர், 'மணிக்கொடி'யைச் சிறுகதைக்கான இதழாக நடத்திய பி. எஸ். ராமையா, 'எழுத்து' இதழின் வழியே புதுக்கவிதைக்கும் விமர்சனத்துக்கும் இடம் உண்டாக்கித் தந்த சி. சு. செல்லப்பா என மூன்று பேரோடு உறவுடைய ஊர் அது. கடந்த தை மாதத்தில் நாங்கள் ஐந்து நண்பர்கள் அங்கே போயிருந்தோம். தெருக்களில் நடந்தோம். அவர்களைப் பற்றிக் கேட்டோம். யாத்திரைகளில் வழக்கமாக நேர்வதுபோல, எங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததையே மறுபடியும் தெரிந்துகொண்டோம்.

மாலையில் பேருந்து நிலையத்தருகே ஒரு கடையில் காப்பி குடித்தோம். நன்றாக இருந்தது. எந்த ஊர்த் தூள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரை நிறுத்தாமல், மேற்கே மலையிருந்த பக்கம் தலையை மட்டும் அசைத்தார். "மேல இருந்துதான் சார். தாண்டிக்குடிச் சரக்கு."

நாங்கள் ஐவரும் பல ஆண்டுகளாகக் காப்பி குடிப்பவர்கள். காப்பியைப் பற்றி மணிக்கணக்கில் பேசவும் வல்லவர்கள். கும்பகோணம் டிகிரி காப்பியில் 'டிகிரி' என்பதற்கு என்ன பொருள் என்று எங்களுக்குள் நடந்த சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த மலையில் என்ன விளைகிறது, யார் விளைவிக்கிறார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மறுநாள் ஊர் திரும்புவதாக இருந்ததை மாற்றிக்கொண்டு மலையேறினோம். அங்கே கழிந்த மூன்று நாட்களும், அவை எங்களுக்குள் எழுப்பிய ஒரு கேள்வியுமே இக்கட்டுரை.

வழியில் முதலில் வருவது பட்டிவீரன்பட்டி. மலையிலிருந்து இறங்கும் காப்பியைத் தோல் நீக்கித் தரம் பிரிக்கும் ஆலைகளால் பெயர் பெற்ற ஊர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை வகித்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியன் (1893–1953) இவ்வூர்க்காரர். சென்னையில் பாண்டி பஜார் என்று நாம் சொல்வது அவர் பெயரைத்தான். அடுத்து அய்யம்பாளையம், சித்தரேவு. அதற்குப் பிறகு சாலை வளையத் தொடங்குகிறது. புளியும் தென்னையும் பின்தங்கிப் பெரும்பாறையை அடையும்போது காற்று மாறிவிடுகிறது. அதற்கு மேல் இருபுறமும் காப்பிதான். ஆனால் 'காப்பித் தோட்டம்' என்றதும் தேயிலை மலைகளின் நினைவில் நம் மனம் வரைந்துகொள்ளும் சீராக வெட்டிய பச்சைக் கம்பளம் இங்கே இல்லை. பார்ப்பவர் கண்ணுக்கு இது காடு. மேலே சில்வர் ஓக், பலா, முள்முருங்கை. அவற்றின் மேல் பற்றியேறும் மிளகுக் கொடி. நடுவே மலைவாழையும் வெண்ணெய்ப் பழ மரமும் மிச்சமிருக்கும் கமலா ஆரஞ்சும். அனைத்துக்கும் அடியில், நிழலில், ஆளுயரத்தில் காப்பிச் செடி. பழனி மலைத்தொடரின் கீழ்ப்பகுதியான இந்த மலைகளில் 19ஆம் நூற்றாண்டிலேயே காப்பி வந்துவிட்டது. முருகன் இங்கிருந்து தாண்டிக் குதித்துத்தான் பழனிக்குப் போனான், அதனால் தாண்டிக்குடி என்று ஊரார் சொல்கிறார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழையும் இதே மண்ணில் காப்பிக்குத் துணையாக வளர்வதுதான்.

எங்களுக்கு இடம் கொடுத்தவர் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர். எழுபதைக் கடந்தவர். நாங்கள் எழுதுகிறவர்கள் என்று அறிமுகப்படுத்தப்பட்டபோது அவர் முகத்தில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. "சரி, உட்காருங்க தம்பி. என்ன தெரியணும்?" என்றார். எல்லாமே தெரிய வேண்டியிருந்தது.

செடி நட்டு மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாசி, பங்குனியில் ஒரு மழை விழ வேண்டும். பூமழை என்று அதற்குப் பெயர். விழுந்த ஒன்பது பத்து நாட்களில் மலை முழுவதும் மல்லிகை மணத்தோடு வெள்ளையாகிவிடும். இரண்டு மூன்று நாட்களில் பூ வாடிவிடும். அதன்பின் ஒரு மழை வந்து கைகொடுக்க வேண்டும். வராவிட்டால் பிஞ்சு நிற்காது. பூவிலிருந்து பழமாவதற்கு அராபிக்கா வகைக்கு எட்டு ஒன்பது மாதம். எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை வர வேண்டும். பறித்த பழத்தை அன்றே தோலுரித்து, ஊறவைத்து, கழுவி, உலர்த்த வேண்டும். ஏறத்தாழ 6 கிலோ பழத்திலிருந்து 1 கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கும். இடையில் தண்டைத் துளைக்கும் வண்டு நுழைந்துவிட்டால் மருந்தொன்றும் இல்லை. செடியை வெட்டிக் கொளுத்திவிட வேண்டியதுதான். அப்படிக் கொளுத்திய இடங்களைக் காட்டினார். வாய்க்குள் பல் விழுந்த இடம்போல வரிசையில் ஆங்காங்கே வெறுமை.

விலையைப் பற்றிக் கேட்டோம். சிரித்தார். "பிரேசில்ல பனி விழுந்தா இந்த ஊர்ல கல்யாணம் நடக்கும் தம்பி. அங்க நல்லா வெளைஞ்சா இங்க நகை அடகுக்குப் போகும்."

வேடிக்கையாகச் சொன்னதுபோல இருந்தாலும் அது கணக்குதான். 1975-ல் பிரேசிலில் விழுந்த கடும் பனி உலக விலையை உயர்த்தியதை அவர் தம் திருமணத்தோடு சேர்த்து நினைவு வைத்திருக்கிறார். 1942-ன் காப்பிச் சட்டத்தின்படி விளைச்சல் முழுவதையும் காப்பி வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தவணை தவணையாகப் பணம் பெற்ற காலம் அது. "தாமசமாத்தான் வரும். ஆனா வரும்" என்றார். 1990களில் அந்த ஏற்பாடு படிப்படியாகத் தளர்ந்து 1996-ல் முற்றிலும் முடிந்தது. விற்கும் உரிமை விவசாயிக்கு வந்தது. அந்த உரிமையோடு நியூயார்க் சந்தையின் ஏற்ற இறக்கமும் நேரடியாக அவருடைய வாசலுக்கு வந்தது. 2000-க்கும் 2003-க்கும் இடையில் விலை சரிந்தபோது பழத்தைப் பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டவர்களை அவருக்குத் தெரியும். பிறகு பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வந்தது. 2025 பிப்ரவரியில் அராபிக்கா விலை அதுவரை காணாத உயரத்தை எட்டியது. அப்படியானால் அந்த ஆண்டு நன்றாக இருந்திருக்குமே என்றோம். "விலை இருந்துச்சு. பழம் இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். செடிகளுக்கு வயதாகிவிட்டது. வண்டு தின்றது போக, மழை தவறியது போக, காட்டுமாடு மிதித்தது போக மிஞ்சியதுதான் விற்பனைக்கு.

இந்தியாவின் காப்பியில் பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. தமிழகத்தின் பங்கு இருபதில் ஒன்று என்ற அளவில்தான். நாட்டின் காப்பித் தோட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இவரைப் போன்ற சிறு விவசாயிகளுடையவை. விளைவதில் பாதிக்கும் மேல் கப்பலேறிப் போகிறது. இந்தப் பெரியவரின் வாழ்வு நம் நாட்டில் எங்கோ ஓரிடத்தில் நிகழும் விதிவிலக்கு அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு அடிவாரத்து ஊர்களிலிருந்து ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து பதினான்கு பெண்கள் இறங்கினார்கள். ஒரு ஜீப்பில் பதினான்கு பேர் எப்படி உட்கார்ந்து வந்தார்கள் என்பதே எங்களுக்கு வியப்பு. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, இடுப்பில் சாக்குப் பை. நாங்களும் பறிக்கிறோம் என்று இறங்கினோம். சரிவில் ஒரு காலை ஊன்றி, கிளையை ஒடியாமல் வளைத்து, பச்சையை விட்டுச் சிவப்பை மட்டும் திருகியெடுப்பது பார்க்க எளிது. இரண்டு மணி நேரத்தில் ஐந்து பேரும் சேர்ந்து 9 கிலோ பறித்தோம். அதிலும் காய் நிறையக் கலந்திருந்ததென்று பெரியவர் சாக்கைக் கவிழ்த்துத் தனியே பொறுக்க வைத்தார். எங்களுக்குப் பக்கத்து வரிசையில் பறித்த நடுவயதுப் பெண்மணியின் மூட்டை அன்று மாலை 42 கிலோ. நண்பர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். 42 கிலோ பழம் என்றால் 7 கிலோ கொட்டை. வறுத்தால் எடை குறைந்து 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவான தூள். டம்ளருக்கு 10 கிராம் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 580 டம்ளர். சிக்கரி கலந்தால் இன்னும் கூடும். அவருடைய ஒரு நாளை நாம் அத்தனை டம்ளர்களில் ஆற்றிக் குடிக்கிறோம்.

பத்தரை மணிக்கு வேலையை நிறுத்தி எல்லோரும் ஒரு பலா மரத்தடியில் கூடினார்கள். தூக்குவாளியில் சூடாக ஏதோ வந்தது. காப்பி என்றே எண்ணிக் கையை நீட்டினோம். தேநீர். எங்கள் முகத்தைப் பார்த்து அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். "காப்பி எங்களுக்கு எங்க கட்டுபடியாகும் தங்கச்சி? டீத்தூள் கொஞ்சம் போட்டா வாளி நெறையும்" என்று எங்களில் ஒருவரிடம் சொன்னார். அவர் குரலில் புகார் எதுவும் இல்லை. வாளிக்கணக்கு சொன்னார், அவ்வளவுதான்.

அங்கிருந்து நாங்கள் மறக்க முடியாமல் எடுத்துவந்த வாக்கியம் அதுவல்ல. அதற்குச் சற்று நேரம் கழித்துச் சொல்லப்பட்ட வேறொன்று. எங்கள் நண்பர் ஒருவர் புகைப்படம் எடுப்பவர். பழச்சாறு பிசுபிசுத்துக் கறுத்துப்போன விரல்கள், உள்ளங்கை நிறையச் சிவந்த பழங்கள். எவருக்கும் எடுக்கத் தோன்றும் படம். கேட்காமல் குனிந்து எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. அந்தப் பெண்மணி கையை மெல்ல மடக்கிக்கொண்டு கேட்டார்: "கையை மட்டும் எடுக்கிறீங்களே அண்ணே, மூஞ்சி வேண்டாமா?"

நண்பரால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் எவராலும் முடியவில்லை. அன்று இரவு வெகுநேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இக்கட்டுரையில் நாங்கள் சொல்ல வந்ததும் அந்தக் கேள்வியிலிருந்து புறப்படுவதுதான்.

தமிழ்ச் சமூகம் காப்பியைப் பற்றிக் குறைவாக எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாக எப்படி மாறியது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். காப்பிக் கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்பது சாதிப் பிரச்சினையாக இருந்தது. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகப் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் இயக்கத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். நம் சிறுகதைகளில் காப்பி ஆறாத பக்கம் குறைவு. விருந்தாளி வந்தால் காப்பி, சண்டை வந்தால் ஆறிப்போகும் காப்பி, வேலையற்றவன் கடன் சொல்லிக் குடிக்கும் காப்பி. காப்பி நம் எழுத்தில் தன் முழு வாழ்வையும் டம்ளருக்குள் வாழ்ந்திருக்கிறது. டம்ளருக்கு முந்தைய வாழ்வு அதற்கு இல்லை.

தேயிலைக்கு அப்படியில்லை. புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குள் நம்மை இழுத்துப் போனார். பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய வால்பாறைத் தோட்டங்களின் கதை, இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007-ல் வெளிவந்து பரவலாகப் படிக்கப்பட்டது. மலையகத் தமிழர்கள் தமக்கென ஓர் இலக்கியத்தையே உருவாக்கிக்கொண்டார்கள். இந்த வரலாற்றிலும் காப்பி மறைக்கப்பட்டிருப்பதை நாம் கவனிப்பதில்லை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து பஞ்சம் துரத்திய மக்கள் படகேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் வழியே கால்நடையாக மாத்தளைக்கும் கண்டிக்கும் போனது முதலில் தேயிலைக்காக அல்ல, காப்பிக்காக. வழியில் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1869-ல் இலைத்துரு நோய் இலங்கைக் காப்பியைத் தாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அங்கே அநேகமாக அழிந்து அந்த இடத்தில் தேயிலை வந்தது. செடியை மாற்றினார்கள், பறிக்கும் ஆட்களை மாற்றவில்லை. 1948-ன் சட்டம் அவர்களின் வழித்தோன்றல்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் மறுபடியும் தோட்டக்கூலிகளாகக் குடியமர்ந்தார்கள். தேயிலையின் பெயரால் நாம் நினைவுகூரும் துயரத்தின் முதல் அத்தியாயம் காப்பியால் எழுதப்பட்டது.

ஏன் காப்பித் தோட்டம் நம் எழுத்தில் பெரிய இடத்தைப் பெறவில்லை? எங்களுக்குத் தோன்றும் காரணம் இது. தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரை உண்டு, கங்காணி உண்டு, வரிசை வீடுகள் உண்டு, ஆலைச் சங்கு உண்டு. ஒடுக்குகிறவனும் ஒடுக்கப்படுகிறவனும் எதிரெதிரே நிற்கிறார்கள். கதை சொல்வதற்கு ஏற்ற அமைப்பு. கீழ்ப்பழனி மலையின் நான்கு ஏக்கரில் யார் துரை? பெரியவர் பெண்களுக்குக் கூலி கொடுக்கிறார். அவருக்கான விலையை வேறெவரோ முடிவு செய்கிறார்கள். பெண்கள் மாலையில் ஜீப்பில் இறங்கிப் போய்விடுகிறார்கள். மாசிக்குப் பிறகு வேறு வேலை தேடுகிறார்கள். இங்கே உள்ள துயரம் கூடி நிற்பதில்லை. சிதறிக் கிடக்கிறது. அதில் வில்லன் இல்லை என்பதால் நாம் அதைத் துயரம் என்றே கண்டுகொள்ளவில்லை. மலையைப் பார்த்தோம், பனியைப் பார்த்தோம், 'என்ன அழகு' என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டோம்.

மூன்றாம் நாள் இன்னொருவரைச் சந்தித்தோம். பளியர் இனத்தைச் சேர்ந்த முதியவர். காட்டுக் கிழங்கும் தேனும் தேடி வாழ்ந்த குடியில் பிறந்தவர். சிறுவயதிலிருந்தே தோட்டங்களில் கூலி வேலை. காப்பிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் கல்திட்டைகளைக் காட்டுவதற்காக எங்களை அழைத்துப் போனார். பெரும் கற்பலகைகளால் ஆன ஈமச் சின்னங்கள். தாண்டிக்குடியில் இவை ஆராயப்பட்டு அகழாய்வும் நடந்திருக்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இந்த உயரத்தில் மக்கள் வாழ்ந்து, தம் இறந்தோருக்கு இவ்வளவு பெரிய கல்லைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். வழியில் அவர் மரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். பத்துக்கு எட்டு நாங்கள் கேட்டிராத சொற்கள். நண்பர் குறிப்பேட்டை எடுத்தார். அதைப் பார்த்த முதியவர், "எழுதிக்கங்க சாமி. எம் பேரன்மாருக்கே இதெல்லாம் தெரியாது" என்றார். நிலம் உங்களுக்கு உண்டா என்று கேட்டோம். வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்துவிட்டது. அவர் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

அன்று மாலை விடைபெறும்போது பெரியவரிடம், இந்த மலையைப் பற்றி எழுதப்போகிறோம் என்றோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுங்க. ஆனா அழகா இருக்குன்னு எழுதாதீங்க தம்பி" என்றார். எங்களுக்குப் புரியவில்லை. எதிர்ச் சரிவைக் காட்டினார். நிழல் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்மண் தெரிந்தது. நடுவில் புதிதாக ஒரு தங்கும் விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. மூன்று ஏக்கர் காப்பி அங்கே இருந்ததாம். "அழகா இருக்குன்னு கேள்விப்பட்டுத்தான் வாங்க வர்றாங்க. எம் பையன் கோயம்புத்தூர்ல இருக்கான். வித்துட்டு வாப்பான்னு போன்ல சொல்றான். நான் இருக்கற வரைக்கும் ஓடும்."

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். எங்களுக்குள்ளேயே எழுந்தது. கீழே இறங்கும் பேருந்தில் நண்பர் ஒருவர் கேட்டார்: விற்பது அவர் மகனின் உரிமையல்லவா? கட்டுபடியாகாத செடியைக் கட்டிக்கொண்டு அழும்படி நகரத்திலிருந்து நாம் ஏன் சொல்ல வேண்டும்? விடுதி வந்தால் அந்தப் பெண்களில் நான்கு பேருக்கு ஆண்டு முழுவதும் வேலை கிடைக்காதா? மேலும், இலக்கியம் என்ன விலைப்பட்டியலா?

நியாயமான கேள்விகள். மகன் விற்பதை நாங்கள் குற்றமாகச் சொல்லவில்லை. அவனுடைய இடத்தில் நாங்களும் அதையே செய்வோம். நாங்கள் குற்றமாகச் சொல்வது எங்கள் பார்வையை. ஓர் இடத்தைக் காட்சியாக மட்டும் எழுதும்போது அதை விற்பனைக்கு வைப்பதில் நமக்கும் ஒரு பங்கு வந்துவிடுகிறது. பயணக் கட்டுரை என்ற பெயரில் இந்த இருபது முப்பது ஆண்டுகளில் நம் இதழ்களில் வந்த மலை வருணனைகளை எடுத்துப் பாருங்கள். அருவி இருக்கும், முகில் இருக்கும், 'எளிய மக்கள்' என்று ஒரு சொல் இருக்கும். அந்த எளிய மக்கள் ஒரு வாக்கியம்கூடப் பேசமாட்டார்கள். பேசினாலும் நமக்கு ஞானம் புகட்டும் வாக்கியமாக இருக்கும். விலை, கடன், வண்டு, பட்டா, ஜீப் வாடகை பற்றி வாய் திறக்கமாட்டார்கள். நாங்களும் அப்படி எழுதியிருக்கிறோம். அக்கட்டுரைகளுக்குப் பாராட்டும் பெற்றிருக்கிறோம்.

இதற்கு மாற்றாக நம்மில் முற்போக்கான சிலர் கையைப் படம் எடுக்கிறார்கள். உழைக்கும் கை, கறுத்த விரல், வெடித்த பாதம். முதலாவதைவிட இது நேர்மையானது என்று நாங்களும் நம்பியிருந்தோம். அந்தப் பெண்மணியின் கேள்வி அந்த நம்பிக்கையைக் கலைத்துவிட்டது. கை என்பது எவருடைய கையாகவும் இருக்கலாம். முகம் ஒருவருடையது. முகத்தைப் பார்த்துவிட்டால் பேச வேண்டும்; பேசினால் பதில் கேட்க வேண்டும்; பதில் நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கும் கட்டுரைக்கு ஒத்துவராமல் போகலாம். தம்மைப் பற்றிப் பரிதாபப்பட அங்கே யாரும் கேட்கவில்லை. அந்தப் பெண்மணி 42 கிலோவைப் பெருமையாகத்தான் சொன்னார். பெரியவர் தம் காப்பியின் மணத்தைப் பற்றிச் சொன்னபோது, எந்தச் சங்கீத ரசிகரும் தம் பாடகரைப் பற்றி அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. துயரம் மட்டும் தேடிப் போனாலும் அழகு மட்டும் தேடிப் போனாலும் நாம் பாதியைத்தான் எடுத்துவருகிறோம்.

ஆகவே சிறிய அளவில் சில காரியங்களைச் செய்யலாம் என்று நினைக்கிறோம். வாசகர்களிடமும் அவற்றை முன்வைக்கிறோம். தூள் வாங்கும் கடையில், இது எந்த மலையின் கொட்டை என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும். உறையில் சிக்கரி எத்தனை பங்கு என்று அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். நூற்றுக்கு 49 வரை சிக்கரி கலக்கச் சட்டம் இடம் தருகிறது. நாம் காப்பி என்று குடிப்பதில் கிட்டத்தட்டப் பாதி அந்த மலையிலிருந்து வராததாகவும் இருக்கலாம். மலைக்குப் போவதானால் பூக்கும்போதோ பறிக்கும்போதோ போங்கள். விடுதிக்குப் பதிலாக ஒரு விவசாயியின் வீட்டில் தங்கி அதற்குரிய பணத்தை அவர் கையில் கொடுங்கள். எழுதுகிறவர்களுக்கு ஒன்று கூடுதலாக: அந்த முதியவர் சொன்ன மரப் பெயர்களைப் போல, காப்பி வேலையின் சொற்கள், கங்காணி காலத்துக் கதைகள், காப்பி வாரியத் தவணைக் கணக்குகள் எல்லாம் இன்னும் மனிதர்களின் வாயில்தான் இருக்கின்றன. அவற்றை அவர்கள் சொன்னபடியே எழுதி வைப்பது, நாவல் எழுதுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. வத்தலக்குண்டில் மூன்று இலக்கியவாதிகளின் சுவடுகளைத் தேடிப் போன நம் வாசகர்களுக்கு, அங்கிருந்து பேருந்தில் சில மணி நேரம் மேலே போவது பெரிய காரியம் அல்ல.

பெரியவர் ஆளுக்கு அரைக் கிலோ கொட்டை கொடுத்தார். பணம் வாங்கிக்கொள்ளுமாறு வற்புறுத்த வேண்டியிருந்தது. ஊர் வந்து வறுத்து அரைத்துக் குடித்தோம். நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அந்த ருசியை வருணிப்பதற்கு நம் மொழியில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை.

புறப்படுவதற்கு முன் நண்பர் அந்தப் பெண்மணியிடம் போய் அனுமதி கேட்டு முகத்தோடு ஒரு படம் எடுத்தார். எடுப்பதற்கு முன் அவர் துண்டை அவிழ்த்து, தலையை வாரி, சட்டையைக் கழற்றிச் சேலையைச் சரிசெய்துகொண்டார். கையில் பழம் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கட்டுரை வந்தால் அனுப்பட்டுமா என்று கேட்டோம். "அனுப்புங்க. எம் மக பத்தாவது படிக்கிறா, படிச்சுக் காட்டுவா. தப்பா எழுதியிருந்தா சொல்றேன்" என்றார்.

படத்தின் பிரதியோடு இக்கட்டுரையையும் அச்செடுத்து அனுப்புகிறோம்.